ஜீப் நடுக்கம், கெமரா நடுக்கம்: அறிகுறியைப் பார்த்துக் காரணம் பிடிப்பது எப்படி

பண்டாரவளைத் தம்பி ஒருவன் போன வாரம் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். ஜீப்பின் டேஷ்போர்டில் கெமராவைப் பூட்டி, அப்புத்தளை வரைக்கும் பெரிய ரோட்டிலும், அங்கிருந்து லிப்டன் சீட் வரைக்கும் தோட்டத்து ரோட்டிலும் எடுத்தது. பனி, தேயிலை, கொழுந்துக் கூடையோடு ஏறிப் போகிற அக்காமார், எல்லாம் அழகாக இருக்கிறது, ஆனால் ஒன்றும் நேராக நிற்கவில்லை, சவுக்கு மரமெல்லாம் தண்ணீருக்குள் தெரிகிற மாதிரி நெளிகிறது. "அண்ணே, இது கெமரா பழுதா, ஜீப் பழுதா? கெமராவுக்கு ரப்பர் வைத்த நல்ல ஸ்டாண்ட்தான் வாங்கினேன்" என்று கேட்டிருந்தான்.

அவன் ஜீப்பில் ஒரு சின்னப் பழுது இருந்தது. அந்தப் பழுதை வீடியோவில் பெரிதாக்கிக் காட்டியது அந்த நல்ல ரப்பர் ஸ்டாண்ட். அதெப்படி என்று கீழே வருகிறேன். முதலில் ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: நடுக்கம் என்றதும் சாமான் மாற்றப் போகாதீர்கள், அது செக்கனுக்கு எத்தனை தடவை நடுங்குகிறது, எதோடு சேர்ந்து கூடிக் குறைகிறது என்று பாருங்கள். வண்டியின் வேகத்தோடு கூடினால் அது சில்லு அல்லது ஷாஃப்ட். எஞ்சின் சுற்றோடு கூடினால் எஞ்சின் பக்கம். ரோட்டோடு மாறினால் டயர் காற்று, ஸ்பிரிங், ஷொக் அப்சோர்பர்.

இதைப் பிரித்துப் பார்க்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. நடுக்கம் வருகிற வேகத்தில், 60 என்றே வைத்துக்கொள்வோம், நாலாம் கியரில் போய்ப் பாருங்கள், அப்புறம் அதே 60இல் மூன்றாம் கியருக்கு இறக்கிப் பாருங்கள். எஞ்சின் சத்தம் ஏறுகிறது, நடுக்கம் மட்டும் அப்படியே இருக்கிறதா? அப்படியென்றால் எஞ்சினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நியூட்ரலில் உருட்டிப் பார்க்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நம் ஊர் இறக்கங்களில் அதைச் செய்யவே செய்யாதீர்கள், எஞ்சின் பிடியை விட்ட வண்டியை ரம்பொடை வளைவுகளில் பிரேக்கை மட்டும் நம்பி நிறுத்த முடியாது.

ஒரு சின்னக் கணக்கும் வேண்டும். 235/75 15 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.3 மீற்றர் போகும். 60 கிலோமீற்றர் வேகம் என்றால் செக்கனுக்கு 16.7 மீற்றர். ஆகவே சில்லு செக்கனுக்கு ஏழு தடவைக்குக் கொஞ்சம் மேலே சுற்றுகிறது. வேகத்தை எட்டால் வகுத்தால் போதும், ஏறத்தாழச் சரியாக வரும். பின் அச்சின் பல்விகிதம் நாலுக்குப் பக்கம் என்றால், கியர்பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற புரொப்பெல்லர் ஷாஃப்ட் அதைவிட நாலு மடங்கு, அதாவது செக்கனுக்கு 29, 30 தடவை. உடம்பே இந்த ரெண்டையும் பிரித்துச் சொல்லும்: ஏழு என்பது கன்னச் சதையை ஆட்டுகிற ஆட்டம், முப்பது என்பது சீட்டுக்கு அடியில் கேட்கிற உறுமல்.

60, 70 தாண்டினதும் ஸ்டியரிங் நடுங்குகிறது

முன் சில்லுகளில் எடை சமமில்லை. கராஜுக்குப் போய் பேலன்ஸ் செய்வதற்கு (ரிம்மில் சின்ன ஈயத் துண்டு வைத்து எடையைச் சமமாக்குவதற்கு) முன்னால், தயவுசெய்து, வண்டிக்குக் கீழே குனிந்து ரிம்மின் உள்பக்கத்தைப் பாருங்கள்.

இதை நான் படித்ததே அப்படித்தான். மழைக்காலத்தில் பட்டிப்பொலப் பக்கம் போய் வந்த மறுநாள், ஹட்டன் ரோட்டில் ஸ்டியரிங் கையில் நிற்கவில்லை. ஒரு கடையில் ரெண்டு முன் சில்லையும் பேலன்ஸ் செய்து பணம் வாங்கிக்கொண்டார்கள். மூன்று நாள் நன்றாக இருந்தது, நாலாம் நாள் திரும்ப வந்துவிட்டது. பழைய மெக்கானிக் பாஸ் ஒருவரிடம் காட்டினேன். அவர் வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை, ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு படுத்தார், இடது முன் ரிம்மின் உள்வளையத்தில் ஒட்டியிருந்த காய்ந்த சேற்றை நெம்பினார். ரொட்டி மாதிரி வளைவாக, ரிம்மின் வடிவத்திலேயே ஒரு துண்டு கழன்று விழுந்தது. ஒரு பக்கம் செம்மண், இன்னொரு பக்கம் ரிம்மின் பெயின்ட் ஒட்டி மினுங்கியது. "தம்பி, சேத்தோட சேத்து பேலன்ஸ் பண்ணியிருக்காங்க. சேறு கொஞ்சம் கொட்டினதும் அந்த ஈயமே இப்ப எதிரியாயிடுச்சு" என்றார். கழுவி, பழைய ஈயத்தை எல்லாம் எடுத்துவிட்டு, திரும்பப் பேலன்ஸ் செய்ததும் நடுக்கம் போனது.

200 கிராம் சேறு 15 அங்குல ரிம்மில் ஒரே இடத்தில் ஒட்டியிருந்தால், 80 கிலோமீற்றர் வேகத்தில் அது 14 கிலோ பாரத்துக்குச் சமமான விசையால், செக்கனுக்குப் பத்து தடவை அளவில், அச்சை மேலும் கீழும் இழுக்கிறது. வேகம் பாதியானால் விசை காலாகிவிடும், அதனால்தான் தோட்டத்து ரோட்டில் 20இல் போகும்போது ஒன்றும் தெரியாது, பெரிய ரோட்டில் ஏறினதும் பேய் பிடித்த மாதிரி ஆடும். ஆகவே பிரஷர் வொஷ் செய்கிறவரிடம் ரிம்மின் உள்பக்கத்துக்கு அடிக்கச் சொல்லி, பக்கத்திலேயே நின்று பார்த்துச் செய்வித்துக்கொள்ளுங்கள். வெளிப்பக்கம் பளபளப்பதால் ஒரு பிரயோசனமும் இல்லை.

கழுவியும் நிற்கவில்லையா, அப்புறம் பேலன்ஸ். பேலன்ஸ் செய்தும் நிற்கவில்லையா, முன் சில்லைப் பின்னுக்கும் பின் சில்லை முன்னுக்கும் மாற்றிப் பாருங்கள். நடுக்கம் சில்லோடு சேர்ந்து பின்னுக்குப் போனால் குற்றம் டயரிலோ ரிம்மிலோ, முன்னாலேயே நின்றால் ஹப், பெயரிங், ஸ்டியரிங் மூட்டு.

ஸ்டியரிங் அமைதி, சீட்டும் தரையும் நடுங்குகிறது

அதே வியாதிதான், பின் சில்லில். மேலே சொன்ன வைத்தியமே.

மெதுவாகப் போகும்போதே வண்டி வாத்து மாதிரி அசைகிறது

20, 30இல் இப்படி என்றால் பேலன்ஸைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், அந்த வேகத்தில் எடைக் குறைபாடு இவ்வளவு ஆட்டாது. டயரின் வட்டமே கெட்டிருக்கிறது, அல்லது ரிம் கோணல்.

ஜாக்கி போட்டுச் சில்லைத் தூக்குங்கள். மற்றச் சில்லுகளுக்குக் கல் வைக்க மறக்காதீர்கள், நம் ஊரில் சமமான நிலம் என்று நாம் நினைப்பதெல்லாம் சமமில்லை. ஒரு செங்கல்லின் மேல் சோக்குத் துண்டை வைத்து டயரின் ரோட்டில் படுகிற பக்கத்துக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நிறுத்தி, சில்லைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். இடைவெளி ஓரிடத்தில் குறுகி ஓரிடத்தில் விரிந்தால் டயர் வட்டமாக இல்லை. அப்புறம் சோக்கைப் பக்கவாட்டில் ரிம்மின் விளிம்புக்கு வைத்துச் சுற்றுங்கள், அங்கே போய் வந்தால் ரிம் கோணல், கல்லில் அடிபட்டிருக்கும்.

டயரில் ஓரிடம் மட்டும் புடைத்து, அல்லது அந்த இடத்தில் மட்டும் பூத் தேய்ந்து இருந்தால், உள்ளே கம்பிப் பட்டை ரப்பரிலிருந்து பிரிந்திருக்கிறது. அதைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்பெயார் போடுங்கள். இதில் மட்டும் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டலாம் என்ற பேச்சு வேண்டாம், அது வெடிக்கிற இடத்தை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, நம் ரோடுகளில் ஒரு பக்கம் எப்போதும் பள்ளம். பழைய டயர் வாங்குகிறவர்கள் பக்கவாட்டில் இருக்கிற நாலு இலக்கத்தையும் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை செய்தது. பூ நன்றாக இருப்பதால் டயர் நன்றாக இருக்கிறது என்று ஆகாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. நுவரெலியாவில் குளிர்ந்த இரவுக்குப் பிறகு காலையில் எடுத்ததும் டக் டக் என்று ஆடி, நாலைந்து கிலோமீற்றர் போனதும் தானாகவே நின்றுவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. இரவு முழுக்கப் பாரம் தாங்கி நின்ற இடம் தட்டையாகிவிட்டது, சூடேறினதும் பழைய உருவத்துக்கு வந்துவிடும். பழைய மாதிரி நைலோன் டயர்களில் இது கூடுதல். நாட்கணக்காக நிற்கப் போகிற வண்டி என்றால் இடைக்கிடை கொஞ்சம் நகர்த்தி விடுங்கள்.

பள்ளத்தில் விழுந்து எழுந்ததும் ஸ்டியரிங் வெறி பிடித்து அடிக்கிறது, நிறுத்தினால்தான் அடங்குகிறது

முன் சில்லு ரெண்டையும் ஒரே கட்டை அச்சு இணைக்கிற பழைய லேண்ட் ரோவர், ஜீப் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், ஒரு தடவை வந்தால் மறக்கவே மாட்டீர்கள். வந்தால் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டாமல், உறுதியாகப் பிடித்து, வேகத்தை மெல்லக் குறைத்து ஓரமாக நிறுத்துங்கள், அதற்கு மேல் ஒன்றும் செய்ய இயலாது.

காரணம் அநேகமாக ஒன்றல்ல. சில்லைத் தாங்கித் திரும்புகிற கிங்பின் அல்லது சுவிவல் பெயரிங் தளர்ந்திருக்கும், ஸ்டியரிங் ரொட் முனைகள் ஆடும், ஸ்பிரிங் புஷ் (மூட்டு ரப்பர்) தேய்ந்திருக்கும், அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கிற பன்ஹார்ட் ரொட் வண்டிக்கு இருந்தால் அதன் புஷ்ஷும் போயிருக்கும். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம்தான், எல்லாம் சேர்ந்து ஓர் ஊஞ்சலாகிவிடுகிறது, பள்ளம் அதைத் தள்ளி விடுகிறது. எஞ்சினை நிறுத்தி, ஒருவர் ஸ்டியரிங்கைச் சின்னதாக இடமும் வலமும் ஆட்ட, இன்னொருவர் கீழே ஒவ்வொரு மூட்டாகக் கைவைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் அசையாத மூட்டு கைக்கே தெரியும், விரலில் டிக் என்று தட்டும்.

ஸ்டியரிங்கின் ஆட்டத்தை அடக்குகிற ஸ்டியரிங் டாம்பரை மட்டும் நேரே புதிதாகப் போட்டுவிட்டால் நடுக்கம் சில காலம் மறைந்துவிடும், உண்மைதான். ஆனால் தளர்ந்த மூட்டு அப்படியே இருக்கிறது, மேலும் தளர்கிறது. மூட்டை முடித்துவிட்டு டாம்பரைப் போடுங்கள்.

ஏற்றத்தில் அழுத்தினால் மட்டும் உறுமுகிறது

புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ், அதாவது ஷாஃப்டின் முனையில் வளைந்து கொடுக்கிற சிலுவை மூட்டு. கீழே படுத்து, ஷாஃப்டை ரெண்டு கையாலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், கிராஸில் இடைவெளி இருந்தால் தெரியும், சுற்றி செம்பழுப்புத் துருத்தூள் இருந்தால் கிறீஸ் வற்றிப் பெயரிங் போயிருக்கிறது. உயரமாக வேண்டும் என்று ஸ்பிரிங் தூக்கின வண்டிகளில் கிராஸ் நன்றாக இருந்தாலும் இது வரும், ஷாஃப்டின் கோணம் அளவுக்கு மேலே போனால் ஒரு சுற்றுக்கு ரெண்டு தடவை வேகம் கூடிக் குறைகிறது. அப்புறம் முக்கியமான ஒன்று: ஷாஃப்டைக் கழற்றும் முன் ரெண்டு துண்டிலும் நேருக்கு நேர் பெயின்ட் கோடு போட்டுக்கொள்ளுங்கள். நடுவிலுள்ள பல்லில் ஒரு பல் மாறிப் பூட்டினாலும் ரெண்டு கிராஸும் ஒன்றையொன்று சமன் செய்யாது, இல்லாத நடுக்கம் புதிதாக வரும்.

நின்ற இடத்தில், கிளட்ச் விடும்போதே நடுங்கினால் எஞ்சின் மவுண்ட் ரப்பரைப் பாருங்கள்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும்

டிரம் அல்லது டிஸ்க் கோணல். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்து சூடேற்றியிருப்பீர்கள். ஏறின கியரிலேயே இறங்கப் பழகுங்கள். சில்லு நட்டை ஒரு பக்கமாகவே இறுக்கினாலும் வரும்: குறுக்குக் குறுக்காக இறுக்கி, சில்லு மாற்றி 50 கிலோமீற்றருக்குள் திரும்ப ஒரு தடவை பாருங்கள்.

கல்ரோட்டில் உடம்பெல்லாம் உதறுகிறது

வண்டியில் ஒரு பழுதும் இருக்காது, டயரில் காற்றுத்தான் கூடிப்போயிருக்கும். பெரிய ரோட்டுக்கு 32, 35 பிஎஸ்ஐ அடித்த டயரோடு தோட்டத்துக் கல்ரோட்டில் ஏறினால் ஒவ்வொரு கல்லையும் முதுகெலும்பு எண்ணும். ஜீப்பில் ஆள் பாரம் மட்டும் என்றால் 22 முதல் 25 வரைக்கும் இறக்குங்கள், டயர் கல்லைச் சுற்றி அமுங்கும், பிடியும் கூடும். அதற்கும் கீழே போனால் வளைவில் டயர் ரிம்மிலிருந்து நழுவலாம், டியூப் போட்டது என்றால் வால்வு பிய்யலாம். இறக்கினால் வேகத்தையும் குறைக்க வேண்டும், பெரிய ரோட்டுக்குத் திரும்பினதும் முதல் வேலையாகக் காற்று அடிக்க வேண்டும். காற்றுக் குறைந்த டயர் வேகத்தில் சூடேறி உள்ளுக்குள் சிதையும், ஆகவே கைப் பம்ப் இல்லாமல் இந்த வேலைக்குப் போகாதீர்கள்.

கொழும்பிலிருந்து வருகிறவர்கள் அடிக்கடி ஒன்று கேட்பார்கள்: மேலே ஏறினால் காற்றமுக்கம் குறையுமே, டயர் வீங்காதா? நுவரெலியா 1868 மீற்றர், அங்கே வெளிக்காற்றின் அமுக்கம் கடல் மட்டத்தைவிட 3 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைவு, அதனால் கேஜ் 3 கூடக் காட்ட வேண்டும். ஆனால் 30 பாகை வெயிலில் 30 அடித்த டயர் 15 பாகைக் குளிருக்கு வந்தால் உள்ளே 2க்குக் கொஞ்சம் மேலே குறைந்துவிடும். ரெண்டும் ஏறத்தாழச் சரிக்குச் சரி. ஒன்றும் செய்ய வேண்டாம், காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது ஒரு தடவை கேஜ் வைத்துப் பார்த்தால் போதும்.

வீடியோவில் மரமெல்லாம் நெளிகிறது

இப்போது தம்பியின் ஸ்டாண்டுக்கு வருவோம். இப்போதைய கெமராக்களில் பெரும்பாலானவை படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாக வாசிக்கின்றன. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவில் கெமரா அசைந்துவிட்டால் நேர்கோடு வளைந்துவிடும். அந்த நெளிவை அப்புறம் கணினியில் நிமிர்த்துவது பெரும்பாடு, ஆகவே எடுக்கும்போதே தடுக்க வேண்டும்.

ரப்பர் ஸ்டாண்ட் எல்லா அதிர்வையும் தடுக்கும் என்று நினைப்பதுதான் தவறு. கெமராவும் ரப்பரும் சேர்ந்தால் அதற்கென்று சொந்தமாக ஓர் ஆட்டம் வந்துவிடுகிறது, ஊஞ்சலுக்கு இருக்கிற மாதிரி. வருகிற அதிர்வு அந்த ஆட்டத்தைவிட 1.4 மடங்குக்கு மேலே வேகமாக இருந்தால்தான் ரப்பர் குறைத்துக் கொடுக்கும். அதற்குச் சமமாக இருந்தால் பெருக்கிக் கொடுக்கும்.

அந்தச் சொந்த ஆட்டத்தைக் கண்டுபிடிக்க ஓர் அடிமட்டம் போதும். கெமரா இல்லாமல் ஸ்டாண்டின் உயரத்தை அளந்து, கெமராவை வைத்து திரும்ப அளந்து, எத்தனை மில்லிமீற்றர் அமுங்கியது என்று பாருங்கள். அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 16ஐ வகுங்கள், செக்கனுக்கு எத்தனை என்று வந்துவிடும். தம்பியை அளக்கச் சொன்னேன், 5 மில்லிமீற்றர் என்றான். 5இன் வர்க்கமூலம் 2.24, ஆக விடை ஏழு. ரப்பர் ஆடும்போது கொஞ்சம் விறைக்கும், அதனால் உண்மையில் இதைவிடச் சற்றுக் கூட இருக்கும்.

60இல் அவன் சில்லு சுற்றுவது செக்கனுக்கு எத்தனை? அதே ஏழு. ரிம்மில் கொஞ்சம் சேறு, உடம்புக்குச் சரியாகத் தெரியாத சின்ன நடுக்கம், அதைச் சரியாகப் பிடித்து ஆட்டுகிற ஊஞ்சலில் கெமராவை உட்கார வைத்திருக்கிறான். வீடியோவில் மோசமான துண்டெல்லாம் பெரிய ரோட்டில் எடுத்தது என்பதும் அப்போதுதான் அவனுக்கே பிடிபட்டது.

ஜீப்பில் கெமரா பூட்டுகிறவர்களுக்கு என் சிபாரிசு: ரப்பரைக் கழற்றிவிட்டு, விறைப்பாக, குட்டையாக, மூன்று இடத்தில் பிடிக்கிற மாதிரி உடம்பு இரும்போடு பூட்டுங்கள். நீண்ட கை உள்ள ஸ்டாண்ட் வேண்டாம், கையின் நீளம் கூடினால் அதுவே இன்னோர் ஊஞ்சல். பூட்டின கெமராவை விரலால் சுண்டிப் பாருங்கள், டிங் என்று நின்றுவிட்டால் நல்லது, தலையாட்டிக்கொண்டே இருந்தால் கூடாது. கல்ரோட்டுக் காட்சி என்றால் பூட்டவே வேண்டாம், பின் சீட்டில் முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்து கையில் பிடியுங்கள், நம் முழங்கையை விட நல்ல ஷொக் எதுவும் இல்லை.

சின்ன விமானத்தில் எடுத்த படம் மங்கல், வீடியோ நடுக்கம்

இங்கே கணக்குத் தலைகீழ். நாலு சிலிண்டர், ரெண்டு இதழ் காற்றாடி உள்ள சின்ன விமானம், பிற்காலத்துச் செஸ்னா 172 மாதிரி, நிமிடத்துக்கு 2400 சுற்றில் பறந்தால் காற்றாடி செக்கனுக்கு 40 தடவை சுற்றுகிறது, எஞ்சின் அடிப்பதும் இதழ் காற்றை வெட்டுவதும் 80 தடவை. ஜீப்பில் தோற்றுப்போன அதே 5 மில்லிமீற்றர் ரப்பர் ஸ்டாண்ட் இங்கே 40இன் அதிர்வைக் கணக்குப்படி முப்பதில் ஒரு பங்காக்கிவிடும். ரப்பரின் தரத்தைப் பொறுத்து அவ்வளவு கிடைக்காவிட்டாலும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். இன்னும் வேண்டுமென்றால் கெமராவோடு ஓர் இரும்புத் தகட்டைச் சேர்த்துப் பாரம் கூட்டுங்கள், ஆட்டம் இன்னும் மெதுவாகும், தடுப்பு இன்னும் கூடும். விமானத்தின் உடம்பில் எதைப் பூட்டுவதானாலும் விமானியின் அனுமதியோடுதான்.

கையில் எடுக்கிறவர்கள் அநேகமாக எல்லோரும் செய்கிற பிழை, முழங்கையையோ லென்ஸையோ ஜன்னல் சட்டத்தில் ஊன்றுவது. தரையில் அது உறுதி தரும். விமானத்தில் எஞ்சினின் நடுக்கத்தை நேரே லென்ஸுக்குள் வார்க்கிறது. முழங்கையை விலாவோடு ஒட்டி, முதுகை சீட்டிலிருந்து எடுத்து, லென்ஸுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ரெண்டு விரல் இடம் விடுங்கள். படம் எடுக்க ஷட்டர் 1/1000 செக்கன் அல்லது அதைவிட வேகம். ஜன்னல் திறந்திருந்தால் லென்ஸ் ஹூட்டைக் கழற்றுங்கள், காற்று அதைப் பிடித்து ஆட்டும், கழன்று பறக்கவும் கூடும். வீடியோவில் காற்றாடி இதழ் வாழைப்பழம் மாதிரி வளைந்து தெரிவது வேறு விஷயம், அது அதிர்வு அல்ல, அதே வரி வரியான வாசிப்பு. வெளிச்சத்தைக் குறைக்கிற என்.டி. பில்டர் போட்டு ஷட்டரை மெதுவாக்கினால் இதழ் மங்கலாகிக் கண்ணை உறுத்தாமல் போய்விடும்.

மோட்டர் சைக்கிளில் பூட்டின போன் இப்போது வீட்டில் எடுத்தாலும் நடுங்குகிறது

இது நிஜமாகவே பழுது. கை நடுக்கத்தைச் சமன் செய்ய லென்ஸைச் சின்னக் காந்தங்களால் அசைக்கிற கெமராக்களுக்கு எஞ்சின் அதிர்வு ஆகாது. ஆப்பிள் நிறுவனமே 2021இல் இதைப் பற்றி எச்சரித்து, பெரிய எஞ்சின் உள்ள மோட்டர் சைக்கிள்களில் ஐபோனை நேரடியாகப் பூட்ட வேண்டாம், சின்ன எஞ்சின் என்றாலும் அதிர்வு தாங்கி போடுங்கள் என்று சொன்னது. பழுதானதைத் திருத்த வழி கெமராப் பாகத்தை மாற்றுவதுதான். வழி பார்க்க போன் வேண்டுமென்றால் சட்டைப் பையில் வைத்துக் காதில் கேட்டுக்கொண்டு போங்கள்.

இவ்வளவும் பார்த்தும் பிடிபடவில்லை என்றால் கராஜுக்குப் போங்கள், ஆனால் வெறும் "நடுங்குது பாஸ்" என்று போய் நிற்காதீர்கள். டேஷ்போர்டில் ஒரு கோப்பைத் தண்ணீர் வைத்து, எந்த வேகத்தில் அலை தொடங்குகிறது, எந்த வேகத்தில் அடங்குகிறது, எந்தக் கியர், ஏற்றமா இறக்கமா, காற்று எவ்வளவு, டயர் அளவு என்ன, கடைசியாகச் சில்லு கழற்றியது எப்போது என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். போகும் வழியில் ரிம்மின் உள்பக்கத்தையும் கழுவிவிட்டுப் போங்கள்.